பன்னிரண்டு பொத்தான்கள்

நீங்கள் கொடுத்த தாளில் ஓரக்கோடு இல்லை. ஒரு விரல் அகலத்துக்கு மடித்து நானே ஓரம் விட்டிருக்கிறேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் ஓரம் விடு, ஓரம் விடு என்று தொண்டை வற்றக் கத்தியவள், கடைசியில் நானே விடாமல் எழுதினால் நன்றாக இருக்காது. இன்னொரு சின்ன வேண்டுகோள்: அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். காற்றுக்காகத்தான்.

எங்கள் பள்ளியின் மூன்றாவது மாடியில் கடைசி அறை என்னுடையது. மற்ற பிள்ளைகள் பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்கும்போதே முழுவதையும் விழுங்கிவிட்டு, சும்மா உட்கார்ந்து பென்சிலைக் கடிக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களை மதிய வேளையில் ஒவ்வொருவராக என்னிடம் அனுப்புவார்கள். கதவில் ‘தனித்திறன் வகுப்பு’ என்று பலகை தொங்கும். படிக்கப் பெருமையாக இருக்கும். உள்ளே போனால் நான்கு மேஜையும் பூட்டு விழாத ஓர் அலமாரியும்தான். பக்கத்தில் பழைய சாமான்கள் போட்டுவைக்கும் அறை. அதன் பூட்டு நன்றாகவே விழும்.

அந்தப் பெண்ணுக்குப் பதினொரு வயது. ஆசிரியர்கள் எல்லோரும் அவளைக் கேள்விக்குட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கணக்கைக் கொடுத்தால் விடைக்கு முன்னால் ஒன்பது கேள்வி வரும். “மிஸ், தொட்டியில ஓட்டைன்னு தெரிஞ்சும் எதுக்குத் தண்ணியைத் திறந்து விடறாங்க?” என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். அவள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. இதை நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நுழைவுத் தேர்வுத் தாளில் கேள்வி கேட்க இடமில்லை. இரண்டு மணி நேரம், பத்துக் கணக்கு. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “இந்த வருஷமாவது ஒரு பிள்ளை அந்தச் சிறப்புப் பள்ளிக்குப் போனாத்தான் உங்க வகுப்பு இருக்கும், பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டார். என் கையில் இருந்தது கேள்விக்குட்டி ஒருத்திதான். மூளை மலைபோல் இருந்தது, வேகம் மட்டும் இல்லை. ஒரு கணக்குக்கு நாற்பது நிமிடம் எடுத்தாள்.

வழியை நான் தேடிப்போகவில்லை. அது தானாக வந்தது. மறுநாள் காலை முழுவதும் எனக்கு ஒரு கூட்டம் இருந்ததால், அவளுக்கான கணக்கை முந்தின நாள் மாலையே கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டேன். பன்னிரண்டு நாணயங்கள், அதில் ஒன்று போலி, எடை கூடவா குறைவா என்று தெரியாது, தராசில் மூன்றே முறை நிறுத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்களே திணறும் கணக்கு. அவள் வந்து உட்கார்ந்ததும் தீ எச்சரிக்கை மணி அடித்தது. மின்பணியாளர் எதையோ சோதிக்கப் போய், தப்பாக அடித்துவிட்டது. பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். மணி ஓய்ந்ததும் எழுந்து எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் விடை சரி. ஒன்பது நிமிடம்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு மனம் துள்ளியது. பயம் அவளுடைய மூளையைக் கூர்மையாக்குகிறது. இதைத் தற்செயலுக்கு விட்டுவிடுவது பொறுப்பான ஆசிரியர் செய்கிற காரியமா?

ஒரு நோட்டுப் போட்டேன். அது இப்போது உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறது. தேதி, கணக்கு, தூண்டல், நிமிடம். பயம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அதனால் தூண்டல். முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். அவள் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். முப்பத்தைந்து நிமிடம். பின்னால் நின்று இரும்புத் தட்டைக் கீழே போட்டேன். முப்பத்தொன்று. அவளுடைய அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். அம்மாவின் கையில் கொதிநீர் கொட்டிவிட்டது, கணக்கை முடித்தால் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்கிறேன் என்றேன். இருபத்திரண்டு. முடித்த அடுத்த நொடியே அதெல்லாம் பொய் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து, முகத்தையும் துடைத்துவிட்டேன். நான் கொடுமைக்காரி அல்ல.

அவளிடம் மாற்றம் தெரிந்தது. உள்ளே வந்ததும் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் உட்காருவாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருப்பாள். சாக்பீஸ் உடைந்தால்கூடத் தூக்கிவாரிப்போடும். கேள்விகள் அடியோடு நின்றுவிட்டன. ‘கவனம் கூடியிருக்கிறது’ என்று எழுதினேன்.

ஒரு நாள் அவளுடைய அம்மா வேலை உடையோடு அரக்கப்பரக்க வந்தார். “மிஸ், பாப்பா இப்பல்லாம் சரியாவே சாப்பிடறதில்ல. நான் கடைக்குக் கிளம்பினா கையைக் கையைப் பாக்குறா. ஏம்மான்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறா. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?”

“கெட்டிக்காரப் பிள்ளைங்க அப்படித்தாம்மா இருப்பாங்க. தேர்வு முடிஞ்சா சரியாயிடும்,” என்றேன்.

அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க இருக்கீங்கங்கிற தைரியம்தான் மிஸ் எனக்கு.” எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஒரே மருந்து நாளாக ஆகக் கேட்காது. தட்டுக்கும் பொய்க்கும் அவள் பழகிவிட்டாள். நிமிடம் இருபதுக்குக் கீழே இறங்க மறுத்தது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அவளுக்கு இருட்டு ஆகாது என்பதை அவளே முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தாள். நல்ல கட்டுரை.

சாமான் அறையில் விளக்கு எரியாது. உயரத்தில் கம்பியில்லாத ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அவள் கையில் ஒரு சின்ன டார்ச், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு கணக்கு. “முடிச்சதும் தாளைக் கதவுக்கு அடியில தள்ளு, உடனே திறந்துடுவேன்,” என்றேன். அவள் அழவில்லை. “வெளியிலேயே இருப்பீங்கதானே மிஸ்?” என்று மட்டும் கேட்டாள். இருப்பேன் என்றேன். நான்தான் பூட்டினேன். சாவி என் கைப்பையில் இருந்தது.

தலைமையாசிரியை ஆள் அனுப்பியிருந்தார். இரண்டு நிமிட வேலை என்று இறங்கிப்போனேன். அங்கே மேலதிகாரிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முழுக்கக் கேள்விக்குட்டியைப் பற்றித்தான். எப்படி இவ்வளவு வேகம் வந்தது என்று கேட்டார்கள். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும், சைக்கிள் கொட்டகைப் பக்கம் யாரோ கத்தினார்கள்.

உடைந்த முக்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறியிருக்கிறாள். கறுப்புத் தாளைக் கிழித்திருக்கிறாள். மூன்று மாடி. அதற்குமேல் உங்களுக்கே தெரியும்.

தாள் கதவுக்கு வெளியே கிடந்தது. விடை சரி. ஓரம் விட்டு, சொல்லிக்கொடுத்தபடியே மேலே நேரமும் எழுதியிருந்தாள்: பதினொரு நிமிடம். கீழே இரண்டு வரி. ‘மிஸ், முடிச்சிட்டேன். இருக்கீங்களா?’ பல மாதங்களாகக் கேள்வியே கேட்காதவள் அன்று கேட்ட இரண்டாவது கேள்வி அது.

நேற்று நீங்கள் அவளுடைய வீட்டு நோட்டைக் காட்டினீர்கள். மணி அடித்ததற்கு முந்தின நாள் தேதி போட்ட பக்கம். பன்னிரண்டு பொத்தான்களை வரைந்து, மூன்று நிறுவையும் அம்புக்குறி போட்டுத் தெளிவாக எழுதியிருந்தது. மாலையில் வீட்டுக்குப் போகும்முன் கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். சலவைக்கு வந்த துணிகளிலிருந்து உதிர்ந்த பொத்தான்களை அம்மா ஒரு டப்பாவில் சேர்த்துவைத்திருந்தாராம். இரண்டு பேரும் தரையில் பரப்பிவைத்து, சிரித்துச் சிரித்துப் போட்ட கணக்காம். மறுநாள் மணி அடித்தபோது அவளுக்கு விடை ஏற்கெனவே தெரியும், பயத்துக்கும் அந்த ஒன்பது நிமிடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் பதினொரு நிமிடம் இருக்கிறதே. அதை அவள் யாரோடும் சிரித்துப் போடவில்லை.

அதன் பிறகு நீங்கள் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனீர்கள். பெயர், வயது, முகவரி, மூன்றே வரி. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கப்புறம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபது வருடமாகக் குடியிருக்கும் வீட்டின் எண் நினைவுக்கு வரவில்லை. யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா என்று நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நீங்கள் திரும்பி வந்தபோது மூன்று வரிகளும் காலியாகத்தான் இருந்தன.

அதைக் காட்டி நீங்கள் எதையோ நிரூபிக்கப் பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. அது சரியான ஒப்பீடு அல்ல. அவள் கெட்டிக்காரி. நான் சின்ன வயதிலிருந்தே சாதாரணப் பிள்ளைதான்.