ரோஜாவுக்கு மதம் பிடிக்கவில்லை

அன்று காலை வெங்காயச் சட்னியில் உப்பு குறைவாக இருந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டதுமே என் மகள் முத்தமிழ் சொல்லிவிட்டாள். "மாட்டுக்கும் ஆனைக்கும் வைத்தியம் பாக்குறவளுக்கு நாக்கப் பாரு" என்றாள் என் மனைவி அல்லி. மூவரும் சிரித்தோம். நான் எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தேன்.

ஐயா, நான் இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். மதம் பிடித்த யானை மிதித்துக் கால்நடை மருத்துவர் இறந்தார் என்று உங்கள் காவல் நிலையத்தில் பதிந்திருக்கிறீர்கள். பேப்பர்காரர்களும் அப்படியே போட்டுவிட்டார்கள். ரோஜா பெண் யானை. பெண் யானைக்கு மதம் பிடிக்காது. ஒரு வாயில்லா ஜீவன் மேல் அபாண்டம் சுமத்துவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதைத் திருத்த வேண்டுமென்றால் நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சுரக்குடிக்காரன். காரைக்காலில் கூடாரம் போட்ட சர்க்கஸோடு இளவயதில் போனவன். சிங்கத்தையும் கரடியையும் அரசாங்கம் கொண்டுபோன பிறகு யானைகள்தான் எங்கள் கூடாரத்தைத் தாங்கின. பிறகு யானையும் கூடாது என்றார்கள். முதலாளி கடையைக் கட்டினார். ரோஜாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். வரிச்சிக்குடியில் சேக் அலாவுதீன் பாய் தன் தென்னந்தோப்பில் இடம் கொடுத்தார். தர்கா கந்தூரி ஊர்வலம், கோயில் திருவிழா, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் என்று எல்லா மதத்தாருக்கும் ரோஜா துதிக்கையைத் தூக்கியிருக்கிறாள். ஒரு குழந்தையின் தலைமுடியைக்கூட அவள் இழுத்ததில்லை.

சர்க்கஸில் எங்கள் ஆட்டத்துக்குத்தான் ஜனங்கள் மூச்சை அடக்குவார்கள். பாண்டு நின்றுவிடும். முத்தமிழ் அப்போது சிறுமி. சிவப்பு கவுன் போட்டுக்கொண்டு மணலில் மல்லாந்து படுப்பாள். ரோஜா முன்னங்காலைத் தூக்கி அவள் நெஞ்சுக்கு நேர் மேலே நிறுத்துவாள். ஒரு சாண்தான் இடைவெளி. பிள்ளை சிரித்தபடி கையசைப்பாள். அவள் புரண்டு எழுந்த பிறகு நான் "வை" என்பேன். ரோஜா காலை இறக்குவாள். என் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்வரை எவ்வளவு நேரமானாலும் கால் அந்தரத்திலேயே நிற்கும்.

இதை எப்படிப் பழக்கினேன் என்று யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. முத்தமிழின் பழைய சிவப்பு கவுனை ஒரு வைக்கோல் பொம்மைக்கு மாட்டினேன். பொம்மையின் வயிற்றுக்குள் ஆணி அடித்த பலகை. நான் சொல்லாமல் ரோஜா காலை இறக்கினால் ஆணி பாதத்தில் ஏறும். யானைப் பாதம் பார்க்கத்தான் முரடு. உள்ளே பஞ்சு மாதிரி. புண் ஆறுவதற்கு முன்பே மறுபடி பழக்க வேண்டும், ஆறிவிட்டால் மறந்துபோகும். சில நாள் அவள் பொம்மையைப் பார்த்ததுமே மூத்திரம் விட்டுவிடுவாள். பாடம் ஏறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்குப் பிறகுதான் பிள்ளையைப் படுக்கவைத்தேன். ஒரு தகப்பன் அந்த அளவுக்காவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா.

அல்லிக்கு இது தெரியும். முத்தமிழுக்குத் தெரியாது. ரோஜா தன்மேல் வைத்த பாசத்தால்தான் காலை வைக்கவில்லை என்று பிள்ளை நம்பினாள். பள்ளிக்கூடத்தில் உடன்பிறந்தவர்கள் பற்றி எழுதச் சொன்னபோது ரோஜாவை அக்கா என்று எழுதினாள். மாட்டாஸ்பத்திரிப் படிப்புக்குப் போனதும் அந்த அக்காவால்தான். நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் பேச்சு மாறிவிட்டது. ரோஜாவின் நகக்கண்ணில் சீழ் வைத்திருக்கிறது, தார் ரோட்டில் நடத்தக் கூடாது, சங்கிலியைக் கழற்றி யானைகள் முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். அவளே வனத்துறையிடம் பேசி ஏற்பாடும் செய்துவிட்டாள். மறுநாள் லாரி வருவதாக இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். பெண் படித்தவள்.

சாப்பிட்டுவிட்டு இருவரும் தோப்புக்குப் போனோம். அலாவுதீன் பாய் கரும்புக் கட்டோடு நின்றிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. எங்க வீட்டுப் பொண்ண நாளைக்கு மாமியார் வீட்டுக்கு அனுப்புறீங்களாமே?"

"மாமியார் வீடு இல்ல மாமா, அம்மா வீடு. அங்க சங்கிலி கெடையாது."

"அப்ப ஒனக்கு எப்ப கல்யாணம்? இவ்ளோ பெரிய ஊசிய வச்சிருந்தா எந்த மாப்பிள்ளம்மா கிட்ட வருவான்?"

"வரட்டும் மாமா, அவருக்கும் ஒண்ணு போட்டுவிடுறேன்."

அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் போடப் போனார். நானும் சிரித்தேன்.

நான் "தூக்கு" என்றேன். ரோஜா வலது முன்னங்காலைத் தூக்கினாள். பாதத்தின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று முத்தமிழ் சாக்கை விரித்து, காலுக்குக் கீழே மல்லாந்து படுத்தாள். வேறு எந்த மருத்துவரும் அப்படிப் படுக்கமாட்டார். அவள் அங்கே படுத்தே வளர்ந்தவள். செல்போன் விளக்கைப் போட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, இது சீழ் வச்ச எடம் இல்ல. பழைய தழும்பு. வரிசையா இருக்கு."

நான் அங்குசத்தைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"ஆணியாப்பா?"

"பாசத்துலயா ஆனை கால அந்தரத்துல வச்சிருக்கும்? பயம்மா. பயந்தாதான் நிக்கும். அந்தப் பயம்தான் ஒன்னக் காப்பாத்துச்சு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. படுத்தபடியே கையை நீட்டி அந்தத் தழும்புகளைத் தடவினாள். "இதையும் ரிப்போர்ட்ல சேத்து எழுதிடுவேன்ப்பா" என்றாள். அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு சொன்னாள்: "ஆனா ஒண்ணு. நீங்க ஆணி அடிக்காம இருந்தாலும் ரோஜா என் மேல கால வச்சிருக்க மாட்டா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னாள். என் வாழ்நாள் வேலை முழுவதும் வீண், எதையும் செய்யாமலே அது நடந்திருக்கும் என்று பெற்ற பிள்ளையே சொல்கிறாள். மறுநாள் லாரி வந்துவிடும். அதற்குப் பிறகு காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. அவளுக்குப் புரியவைக்க எனக்கு இருந்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

நான் "வை" என்றேன்.

ரோஜா வைத்தாள். இதுதான் நடந்தது. மதமும் இல்லை, மிரளவும் இல்லை. சொன்னவன் ஒருவன், செய்தது யானை. இதைப் பதிவில் திருத்தினால் போதும்.

சொல்வதென்றால் முழுவதும் சொல்கிறேன் என்று தொடக்கத்தில் எழுதிவிட்டேன். ஆகவே இதையும் சேர்க்கிறேன். முதல் முறை சொன்னபோது ரோஜா வைக்கவில்லை. காது மடல் விறைத்து என்னைப் பார்த்தாள். முத்தமிழ் கீழேயிருந்து சிரித்தாள். "பாத்தீங்களாப்பா?" என்றாள். சின்ன வயதில் கையசைப்பது போலவே அசைத்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

இரண்டாம் முறை சொன்னேன். ரோஜா பின்னால் நகரப் பார்த்தாள். சங்கிலி விடவில்லை. காலை ஓரமாகத் தள்ளி இறக்கப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். காதுக்குப் பின்னால் ஆறாத புண் ஒன்று உண்டு, பாகனுக்கு மட்டும் தெரிந்த இடம். அதில் அங்குசத்தைக் கொடுத்து, என் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினேன். அவள் பிளிறியதைத்தான் மதம் என்று பாய் உங்களிடம் சொல்லியிருக்கிறார். மோட்டார் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

அப்புறம் வைத்தாள்.

வைத்தவள் உடனே எடுத்துவிட்டாள். துதிக்கையால் பிள்ளையை எழுப்பப் பார்த்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கவுன் அணிந்த உருவத்தைத் துதிக்கையால் தொடக் கூடாது என்றுதான் பழக்கியிருந்தேன்.

அல்லி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "புள்ள கத்துனாளா?"

"இல்ல" என்றேன். உண்மைதான். சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அல்லி என்னோடு பேசவில்லை. உப்பு ஜாடி நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

என் மகளை நான் வெறுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளைப் போல ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும்? அவள் நினைத்தது தவறு என்று காட்ட வேண்டியிருந்தது, காட்டினேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். என்மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் முதல் இரண்டு முறை ரோஜா கீழ்ப்படியவில்லை என்பதை மட்டும் எழுதாதீர்கள். பழக்கியதில் குறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரோஜாவைக் கொண்டுபோன முகாமிலிருந்து நேற்று ஆள் வந்து பாயிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சங்கிலியைக் கழற்றிவிட்டார்களாம். தீனி எடுக்கிறாளாம். வலது முன்னங்காலை மட்டும் தரையில் ஊன்றமாட்டேன் என்கிறாளாம், மூன்று காலிலேயே நிற்கிறாளாம். மருத்துவர்கள் நகப்புண் என்கிறார்கள்.

நகப்புண் இல்லை. நான் இன்னும் சொல்லவில்லை, அதனால் நிற்கிறாள்.