வரச்சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்த சியாலே வைபுலு அவர்களுக்கு

இதயநோய் மருந்தாய்வுப் பிரிவின் இணையற்ற செவிலியரே! மாங்கெரேப் புறநகர்த் தெருக்களின் மழைக்கும் நாய்க்கும் மனம் தளராத மாண்பே! டோங்கா மொழியின் கனிவையும் கண்டிப்பையும் ஒருங்கே கைக்கொண்ட காவலே! எங்கள் அன்புக்கும், ஒளிக்காமல் சொன்னால் எங்கள் அலுப்புக்கும் உரிய சியாலே வைபுலு அவர்களே! வணக்கம்.

அடைமொழிகளை அடுக்கினால் உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று அறிவோம். பணிநிறைவு மடலுக்கென்று ஒரு மரபு இருக்கிறது, பொறுத்தருளுங்கள். நீங்களும் களைத்திருக்கிறீர்கள், நாங்களும் களைத்திருக்கிறோம். ஆகவே புகழ்ச்சியை இத்தோடு நிறுத்தி, நடந்ததைச் சொல்கிறோம்.

நீங்கள் இங்கே பணியில் சேர்ந்த காலத்தில், நம் நகரில் இதயம் தளர்ந்து நடுவயதிலேயே சாய்ந்தவர்களில் டோங்கா முதலிய தீவுகளிலிருந்து இங்கே குடியேறிய மக்களே மிகுதி. புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளிலோ அவர்கள் இல்லவே இல்லை. "அழைத்தாலும் அவர்கள் வரமாட்டார்கள்" என்று கருத்தரங்கு தோறும் சொல்லிச் சொல்லி நாங்கள் அதை உண்மையாகவே ஆக்கிவிட்டிருந்தோம். நீங்கள் அதை நம்பவில்லை. ஞாயிறுதோறும் அவர்களுடைய தேவாலயத்துக்குப் போனீர்கள். பாடினீர்கள், உண்டீர்கள், துக்க வீடுகளில் தரையில் அமர்ந்தீர்கள். ஓராண்டு முழுவதும் ஆய்வைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்த அன்று, பேருந்து ஓட்டுநர் பெனிசிமானி எழுந்து நின்றார்.

"ஏம்மா சியாலே, எங்க மேல மருந்த ஊத்திப் பாக்கப் போறாங்களா? ஊர்ல எலிக்குப் பஞ்சமா வந்துருச்சு?"

கூட்டமே சிரித்தது. நீங்கள் அசரவில்லை.

"எலிக்கெல்லாம் பஞ்சமில்லண்ணே. ஆனா எந்த எலியும் உன்ன மாதிரி தேங்காப்பாலும் ஆட்டுக்கறியுமா ரெண்டு தட்டு சாப்பிடாது. இந்த மருந்து உன் உடம்புக்குக் கேக்குமான்னு உன் உடம்புதானே சொல்லணும்?"

அடுத்த வாரமே பெனிசிமானி வந்தார். மனைவி லெசியெலியும் உடன் வந்தார். அவர்கள் பின்னால் பலர், திருவிழாவுக்குப் புறப்பட்டவர்கள்போல் தீவு வழக்கப்படி இடுப்பில் பின்னல் பாய் கட்டி, மூச்சு வாங்க வாங்க நம் படியேறினார்கள். இரத்தம் எடுத்தோம். எடை பார்த்தோம். பெனிசிமானி உட்பட ஏறக்குறைய எல்லோரையும் திருப்பி அனுப்பினோம். சிறுநீரகம் இவ்வளவு நலமாக இருக்க வேண்டும், சர்க்கரை இந்த அளவுக்குள் அடங்க வேண்டும், எடை இதைத் தாண்டக் கூடாது என்று எங்கோ தொலைதூர நாட்டில் எழுதிய விதி அது. மருந்து எவருக்கு மிகவும் தேவையோ, அவரையே அது முதலில் வெளியே நிறுத்தியது.

தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றோம். நீங்கள் வீடு வீடாகப் போனீர்கள். பெனிசிமானி முகம் கொடுக்கவில்லை, லெசியெலிதான் பேசினார். அவர் பேசியதை மறுநாள் கூட்டத்தில் ஒரு சொல்லும் குறையாமல் எங்கள் முன் வைத்தீர்கள்: "வரமாட்டேங்கிறாங்கன்னு எங்களப் பத்திப் பேசுனீங்க. வந்தோம். இப்ப, நோய் உங்களுக்கு அதிகமா இருக்கு, போங்கன்னு அனுப்புறீங்க. அப்ப இந்த மருந்து யாருக்கும்மா?"

அன்றே நம் தலைவர் டாக்டர் லோரிமரிடம் முடிவாகச் சொன்னீர்கள்.

"விதி மாறுற வரைக்கும் நான் ஒருத்தரையும் கூப்பிடப் போறதில்ல, டாக்டர்."

"ஆள் சேரலன்னா இந்தப் பிரிவையே மூடிருவாங்க, சியாலே. நம்ம எல்லார் வேலையும் போயிரும்."

"மூடட்டும். வான்னு கூப்பிட்டு மூஞ்சியில கதவச் சாத்துறதுக்கு, மூடுறதே மேல்."

லோரிமர் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. அதன்பின் அவரே உங்கள் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் மருந்து நிறுவனத்துக்கு எழுதினீர்கள், மறுத்தார்கள், மறுபடி எழுதினீர்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு ஆபத்து நேரலாம் என்றார்கள். அந்த அச்சம் பொய்யன்று. அடிக்கடி இரத்தம் சோதிப்போம், வீட்டுக்கே போய் எடுப்போம் என்று நீங்கள் பொறுப்பேற்றீர்கள். பிரிவில் பாதிப்பேர் வேறிடம் தேடிப் போனார்கள். விதி தளர்ந்து பதில் வந்தபோது மூன்றாம் ஆண்டும் முடிந்திருந்தது. பெனிசிமானியை அடக்கம் செய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

எதையும் கேட்பதற்கன்று, தெரிவிப்பதற்காக மட்டுமே லெசியெலியிடம் போனீர்கள். அவர் உணவு வைத்தார். நீங்கள் உண்டு முடித்ததும் காலை நீட்டிக் காட்டினார்.

"அவருக்குத்தான் கொடுத்து வைக்கல. என் காலும் அவரு கால் மாதிரியே வீங்கிக் கெடக்கு, பாரு. என்னச் சேத்துக்குவீங்களா? இல்ல, எனக்கும் நோய் அதிகமா?"

திருத்திய விதியின்கீழ் முதல் கையொப்பம் அவருடையது. அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். எல்லோரும் அல்லர், சில வீடுகளின் கதவு உங்களுக்குத் திறக்கவே இல்லை.

இத்தனைக்கும் பிறகு அந்த மருந்து பயன் தரவில்லை. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரையை விழுங்கியவருக்கும் அதை விழுங்கியவருக்கும் வேறுபாடு காணோம். முடிவு வந்த அன்று லோரிமர் தலையைக் கையில் தாங்கி அமர்ந்திருந்தார். நீங்கள் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினீர்கள்.

"நம்ம ஆளுங்களுக்கு இது கேக்காதுன்னு நம்ம ஆளுங்கள வச்சே தெரிஞ்சுபோச்சு, டாக்டர். இத்தன வருசமா எது கேக்கும், எது கேக்காதுன்னே தெரியாமத்தானே அவங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தோம்?"

பிறகு, ஆய்வில் பங்கேற்ற ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய் அந்த முடிவைச் சொன்னீர்கள். அதற்குமுன் அவ்வாறு சொல்லும் வழக்கம் இங்கே இருந்ததில்லை. அடுத்த ஆய்வின் விதியை எழுதுவதற்கு முன்பே மருந்து நிறுவனத்தார் உங்களைக் கேட்டார்கள். லெசியெலி இதோ இந்த விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்த மடல் நீளுகிறது என்று முகத்தாலேயே சொல்கிறார்.

முடிக்கிறோம், பெருமாட்டியே! உங்கள் இடத்துக்கு வேறு ஆள் எடுப்பதில்லை என்று மேலிடம் முடிவு செய்திருப்பதை நேற்றுதான் அறிந்தோம். பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. உங்களிடம் மறைத்து எங்களுக்குப் பழக்கமில்லை, எழுதிவிட்டோம். டோங்கா மொழி பேசும் ஒருவர் வேண்டுமென்று கேட்போம். மறுப்பார்கள். மறுபடி கேட்போம். அது இனி எங்கள் பாடு.

நீங்கள் உப்பைக் குறைத்து, உறக்கத்தைக் கூட்டி, கடற்காற்றில் கால்நீட்டி, பேரப்பிள்ளைகளின் கூச்சலைத் தவிர வேறெந்தத் தொல்லையுமின்றி நெடுங்காலம் நலமே வாழ்க! திங்கட்கிழமை காலையில் உங்கள் தொலைபேசி ஒலித்தால் தயவுசெய்து எடுக்காதீர்கள். அழைப்பது நாங்களாகத்தான் இருக்கும்.

என்றும் உங்கள் நன்றிக் கடனில்,
இதயநோய் மருந்தாய்வுப் பிரிவில் எஞ்சியிருக்கும் ஊழியர்கள்