பின்கதவு வாடை

இது ராத்திரி நடந்ததுகூட இல்லை. மத்தியானம் இரண்டரை மணி. கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போகும் ரோடு. ஆளரவம் இல்லை... மழை அப்போதுதான் விட்டிருந்தது. நம் ஆபீஸ் சண்முகத்தின் மைத்துனி ரோஹிணி, ஸ்கூல் வேனிலிருந்து இறங்கிய மகள் ஸ்னேகாவைக் கைபிடித்து அழைத்து வந்தாள். ஐந்து வயதுக் குழந்தை. நாலு எட்டு நடந்தாலே இழுப்பு.

அந்த இழுப்புக்காகத்தான் இவ்வளவும்.

அவர்கள் குடிவந்து ஒரு மாதம். முன்பு இருந்தவர் தனி ஆள். நாய் வளர்த்தவர். அது செத்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாடை மட்டும் போகவில்லை. பின்கதவுப் பக்கம்... ஈர ரோமமும் பழைய மூத்திரமும் கலந்த வாடை. ‘முதல்ல அதைப் போக்குங்க’ என்றார் டாக்டர்.

ரோஹிணி வினிகர் ஊற்றித் தேய்த்தாள். ஆப்பசோடா தூவி விடியும்வரை விட்டாள். தரை வெடிப்புகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டினாள். கடைசியில், அதற்கென்றே விற்கும் மருந்தை வாங்கிக் கதவின் அடிக்கட்டையில் அடித்தாள்.

பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, மாலதி பௌதி, வந்து நின்று பார்த்தாள். வங்காளத்தில் சொன்னாள்: “தாக் நா... அந்த இடத்தை மட்டும் விட்டுடு. நாய் அந்தக் கதவை விட்டு நகர்ந்ததே இல்லை. ஏன்னு அவரும் சொல்லலை, நாங்களும் கேக்கலை.”

“என் பொண்ணுக்கு மூச்சு விட முடியலை, பௌதி.”

முந்தின நாளோடு வாடை சுத்தமாகப் போயிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்குச் சோறு போட்டுப் படுக்கவைத்தாள். தட்டுக் கழுவும்போது கேட்டது... பின்கதவுக்கு அடியில். யாரோ இடுக்கில் மூக்கை வைத்து முகரும் சத்தம். நீளமாக இழுத்து... நிறுத்தி... மறுபடி. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை.

தெருநாய் என்று நினைத்தாள். “ச்சூ” என்றாள்.

சத்தம் நின்றது. அப்புறம் ஒரு குரல். தரையோடு தரையாக. அந்த குவார்ட்டர்ஸில் தமிழ் பேச வேறு ஆளே கிடையாது. ஆனால் தமிழ்தான்.

“நாய் போயிடுச்சா?”

ரோஹிணி தட்டைக் கீழே வைத்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பினால், ஸ்னேகா பின்னால் நிற்கிறாள்... எப்போது எழுந்து வந்தாளோ.

“போயிடுச்சு,” என்றாள் ஸ்னேகா, கதவைப் பார்த்து. “வா.”

ரோஹிணி அவளை வாரி எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடினாள். காலில் செருப்புகூட இல்லை. ஆபீஸிலிருந்து புருஷன் சாய்ராம் வந்து பார்த்தபோது பின்கதவுத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வெளியே சேற்றில் ஒரு தடம் இல்லை.

அந்த வாரமே டாலிகஞ்சுக்கு வீடு மாறினார்கள். ஸ்னேகாவுக்கு இழுப்பு அந்த மத்தியானத்தோடு நின்றது. மறுபடி வரவே இல்லை. டாக்டருக்கே ஆச்சரியம். ரோஹிணி ஒரு நாய்க்குட்டி வாங்கினாள். வீடெல்லாம் அதன் வாடைதான்... துடைப்பதில்லை. இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. சாதுவான நாய். விருந்தாளி காலடியில்கூடப் படுத்துக்கொள்ளும்.

ஸ்னேகா உள்ளே வந்தால் மட்டும் எழுந்துவிடும். குரைக்காது. அவளுக்கும் ரோஹிணிக்கும் நடுவில் போய் நின்றுகொள்ளும்.