முதல் படம் வெங்காயத்துக்கே என்ற வில்லியம் அவர்களுக்கு

ஒளியை ஒளியால் அளந்த உத்தமரே! கண்ணைக் கீறாமல் கண்ணின் ஆழம் கண்ட கைத்திறத்தீரே! மயிலை லஸ் அருகே எங்கள் கண் ஆய்வுக்கூடத்தில் முப்பத்துமூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்து இன்று ஓய்வுபெறும் மூத்த நுட்பவியலாளரே, வணக்கம்!

பாராட்ட வந்தவர்கள் நாங்கள். ஆனால் திகைத்து நிற்கிறோம். கண்ணின் உள்ளடுக்குகளைப் படமெடுக்கும் உங்கள் ஓ.சி.டி. கருவி என்ன செய்கிறது என்பதே எங்களில் பாதிப்பேருக்கு இன்றும் விளங்கவில்லை. ஓர் ஒளியை இரண்டாகப் பிரிப்பீர்கள். ஒன்று ஆடிக்குப் போகும், மற்றது கண்ணுக்குள் போகும். இரண்டும் திரும்பி வந்து சேர்வதை வைத்தே, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கையும் அடுக்கடுக்காகத் திரையில் காட்டுவீர்கள். எப்படி என்று கேட்டால், “முதல்ல பார்க்கப் பழகுங்க, புரியறது மெதுவா வரும்” என்பீர்கள். கருவி வந்து மூன்று வருஷமாகிறது. இன்னும் வரவில்லை.

அந்த வெங்காயமும் புரிந்ததில்லை. தினமும் கேன்டீனில் ஒன்று வாங்கி, நறுக்கி, முதல் படம் அதற்குத்தான். அதன் அடுக்குகள் ஒழுங்காகத் தெரிந்தால்தான் மனிதக் கண்ணுக்கு அனுமதி. சாம்பாருக்குப் போக மிச்சம்தான் ஆராய்ச்சிக்கா என்று நக்கலடித்தவர்கள் சாட்சாத் நாங்களே.

சென்ற ஆண்டு ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் காலை. கேன்டீன் திறக்கவில்லை. வெங்காயம் வாங்க மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனீர்கள். நாங்கள் காத்திருக்கவில்லை. சோதனைக்கு மீன் கண் கொண்டுவரும் நொச்சிக்குப்பம் பாஞ்சாலி, தனக்கே பார்வை மங்குகிறது என்றார். உட்காரவைத்துப் படம் எடுத்தோம்.

விழித்திரைக்கு அடியில் இன்னொரு கோடு. மங்கலாக, இணையாக.

டாக்டர் ஷாகிராவின் முகம் இறுகியது. விளக்கு வைத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விளக்குக்குத் தெரியாததைக் காட்டத்தானே இந்தக் கருவி! விழித்திரை விலகியிருக்கலாம், மறுநாளே அறுவை என்று முடிவாயிற்று.

“கண்ணு பூட்டா மீனை இன்னாத்த வச்சு அறுக்கறது, நைனா?” என்றார் பாஞ்சாலி.

அப்போது வந்தீர்கள், சட்டைப்பையில் வெங்காயத்தோடு. யாரையும் கேட்காமல் நறுக்கிக் கருவியின் முன் வைத்தீர்கள். அதன் அடுக்குக்கு அடியிலும் அதே கோடு!

“வெங்காயத்துக்கு ஏது டாக்டர் விழித்திரை?”

லென்ஸின் முன்னால் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்று. பூஜையன்று கருவிக்குப் பொட்டு வைக்கும்போது லென்ஸில் சந்தனம் படக்கூடாதென்று யாரோ ஒட்டி, எடுக்க மறந்தது. ஒளி அதற்குள் முட்டித் திரும்பி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு போலியை வரைந்திருக்கிறது. துண்டை எடுத்தீர்கள், கோடு போயிற்று. பாஞ்சாலிக்குத் தேவைப்பட்டது மூக்குக் கண்ணாடிதான். அதைப் போட்டுக்கொண்டு, இதோ, முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

இயக்குநர் விளக்கம் கேட்டார். “ஒட்டியது நான்” என்று எழுதிக் கொடுத்தீர்கள். மாசற்ற உங்கள் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு கண்டனம் ஏறியது.

இந்த மடலுக்காக வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். தலை சுற்றியது. கூடத்தில் பூஜை நடந்த நாளில் உங்களுக்கு விடுப்பு. சாந்தோமில் மகள் ஜொவிட்டாவுக்கு நிச்சயதார்த்தம். வராதவர் எப்படி ஒட்டினார்? ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவன் மட்டும் மேசையைப் பார்த்தான்.

ஐயா, கண்ணாடியை ஒட்டிய கைதான் இந்த மடலை எழுதுகிறது. இன்று காலை இயக்குநரிடம் உண்மையைக் கொடுத்தாயிற்று. உங்கள் பதிவேட்டிலிருந்து அந்த வரி நீங்குகிறது. இவன்தான் என்று தெரிந்தே காத்தீர்களா, எவனாயிருந்தாலும் காத்திருப்பீர்களா? அதுவும் எங்களுக்கு விளங்கவில்லை.

பண்பின் பெட்டகமே! பிணி அணுகாது, பார்வை மங்காது, பேரப்பிள்ளைகளின் பேச்சொலி சூழப் பல்லாண்டு வாழ்க!

திங்கட்கிழமையும் முதல் படம் வெங்காயத்துக்குத்தான். நறுக்கப்போகிறவன் இவன்.

மயிலாப்பூர், 30-4-1999

ஆய்வுக்கூட ஊழியர்கள் ஐவர் சார்பில்,
எழுதியவன், ஒட்டியவன்: சாய்நாத்