சீனாய் மலை நேர்த்தி

2008 பெப்ரவரியில், மொன்றியலை அடுத்த லவாலுக்கு மெட்ரோ வந்து ஓராண்டு நிறையாத நாட்களில், காலை ரயிலில் எனக்கு எதிரே யாழ்ப்பாணத்தவர் இருவர் அமர்ந்திருந்தார்கள். இளையவர் தன் தேவாலயப் பங்கு மக்களோடு சீனாய் மலை ஏறிவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

“மொன்றியலிலை இவ்வளவு காலம் இருந்தும் நான் குளிரிலை சாகப் பார்த்தது பாலைவனத்திலை, அண்ணை.”

“ஏன், உன்ரை ஜாக்கெற் எங்கை?”

“எயார்போட்டிலை மகளிட்டைக் குடுத்தனுப்பிப்போட்டன். பாலைவனத்துக்கு ஆர் ஜாக்கெற் கொண்டுபோறது?”

“மற்ற ஆக்கள்?”

“எல்லாரும் கொண்டந்தவை. ஃபாதர் தொப்பி, கையுறை, மஃப்ளர் எல்லாத்தோடையும் வந்தவர். ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. பாதி மலையிலை கால் விறைச்சுப் போச்சு. பேந்து ஒட்டகத்திலைதான் போனனான்.”

“அட பாவி! மகள் சோதினை பாஸ் பண்ண, நீ நடந்து ஏறுவாய் எண்டெல்லோ உன்ரை மனிசி நேர்த்தி வைச்சவ?”

“ஓம். நடந்தன் எண்டுதான் அவவுக்குச் சொன்னனான். இப்ப ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை ஹோலிலை படம் காட்டப் போறாராம். எல்லாப் படத்திலையும் நான் ஒட்டகத்துக்கு மேலை.”

“அப்ப என்ன செய்யப் போறாய்?”

“அதுக்கு முதல் இஞ்ச மொன்றியல் மலையிலை இருக்கிற ஒறற்றறிக் கோயில் படி முழுக்க முழங்காலிலை ஏறிப்போட்டு, அவவிட்டை உண்மையைச் சொல்லப் போறன்.”

“ஏறு, ஏறு. அங்கை எஸ்கலேற்றரும் இருக்கு, கவனம்.”