பத்திரத்தில் ஒரு பெயர்

— நிதி நல்ல காரியம்தான், அய்யா. கிராமத்துப் பொண்ணுங்க சேலத்துல தங்கிப் படிக்கணும்னு கெணத்துத் தோட்டத்தையே எழுதி வெக்கிறீங்க. ஆனா பத்திரத்துல பேரைப் பாத்ததும் மனசு கசந்துபோச்சு. 'அர்த்தநாரி கல்வி நிதி'. ஒங்க பேரு!

— ஆமாங்க டீச்சரம்மா. எம்பட பேருதானுங்க.

— என்னை ஞாபகம் இருக்குதா?

— மறக்க முடியுங்களா? தெய்வநாயகி டீச்சர். சங்ககிரியிலிருந்து வெயில்ல மூணு தடவை எங்க ஊட்டுக்கு நடந்து வந்தீங்க.

— எதுக்கு வந்தேன்?

— எம்புள்ளை வசந்தாமணிய மேல படிக்க வெயுங்கன்னு கேக்கறதுக்குங்க.

— அஞ்சாவதுல அவளை மிஞ்ச ஆளில்ல. மூணாந் தடவை நீங்க என்னா சொன்னீங்க?

— அது இப்ப எதுக்குங்க...

— சொல்லுங்க.

— 'கண்ணாலம் ஆகாத பொம்பளைக்கு அடுத்தவன் ஊட்டுப் புள்ளை மேல என்ன அக்கறை'ன்னு கேட்டுப்போட்டேனுங்க.

— கேட்டுட்டுக் கதவைச் சாத்துனீங்க. உள்ள அவ அழுதது தெருவரைக்கும் கேட்டுச்சு.

— பதினாறு வருசமாச்சுங்க. எனக்கு இன்னும் கேக்குதுங்க.

— வாழப்பாடியில கட்டிக் குடுத்தீங்களாமே?

— ஆமாங்க. மூணு கொழந்தைங்க. மாப்பிள்ளை தங்கமானவரு. பட்டாளத்துக்குப் போன பசங்க போடற கடுதாசியெல்லாம் ஊருப் பொம்பளைங்களுக்கு எம்புள்ளைதான் படிச்சுச் சொல்றா. போன மாசம் நான் அங்க இருக்கறப்ப, சாலம்மாள்னு ஒருத்தி தந்தியோட ஓடியாந்தா. தந்தி இங்கிலீசுல இருந்துச்சுங்க.

— அய்யோ.

— எம்புள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. 'எம்மவன் எப்படியிருக்கான், சொல்லு சாமி'ன்னு அந்தம்மா இவ கையப் புடிச்சுக் கெஞ்சுது. 'எனக்குத் தெரியலைக்கா'ன்னு தலையக் குனிஞ்சுட்டா. நான் பக்கத்துலதான் நின்னேனுங்க. என்னைய ஒரு பார்வை பாத்தா. அம்புட்டுத்தான்.

— அந்தப் பையன்?

— போயிட்டானுங்க. தபால் ஆபீசுல படிச்சுச் சொன்னாங்க.

— இவ்வளவையும் பாத்துட்டு வந்தும், நிதிக்கு அவ பேரை வெக்கத் தோணலையா? கல்வெட்டுல ஏற இந்த வயசுலயும் ஆசையா, அய்யா?

— மொதல்ல அவ பேருலதானுங்க எழுதுனேன். கொண்டுபோய்க் காட்டுனேன். அவதான் தம்பேரை அடிச்சுப்போட்டா.

— வசந்தாமணியா? ஏனாம்?

— 'எம்பேரை வெச்சா, நான் படிச்சவளாக்கும்னு ஊரு நெனைச்சுக்கும். உங்க பேரையே வெயுங்கப்பா. வருசா வருசம் படிக்கப் போற புள்ளைங்க அதைச் சொல்றப்ப, உங்க காதுல உறுத்தட்டும்'னு சொல்லிப்போட்டாளுங்க.