முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை

எனக்குப் பொய் சொல்ல வராது, மேடம். சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், காது சிவந்துவிடும். "உன்னைக் கூட்டிக்கிட்டுத் திருடப் போனா ரெண்டு பேரும் அன்னைக்கே உள்ளதான்டி" என்று அக்கா கிண்டல் செய்வாள். அதனால் இந்த வேலை எனக்குச் சரிப்படுமா என்று முதலில் தயங்கினேன்.

வேலை இதுதான். சாதாரண வாடிக்கையாளர் போல மருந்துக் கடைக்குப் போய், வீட்டில் பெரியவருக்கு முழங்கால் வலி, மாத்திரை கொடுங்கள் என்று கேட்க வேண்டும். நல்ல கடைக்காரர் என்றால் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரிப்பார். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறார் என்று அப்போதுதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் அவர் வலி மாத்திரையை உள்ளே வைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உடம்புக்குள் ரத்தம் கசியும். எதுவும் விசாரிக்காமல் எடுத்து நீட்டினால் அந்தக் கடைக்கு மதிப்பெண் கிடையாது. நாம் சோதிக்க வந்தவர்கள் என்று அவர்களுக்குத் தெரியவே கூடாது.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்த கதையில் ஒரு மாமியார் வந்தார். எனக்கு மாமியார் இல்லை, அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள்; அதற்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் விட்டே விட்டாள். இதய ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மாத்திரையை நிஜமாகவே சாப்பிட்டு வந்தாள். முழங்கால் வலியும் நிஜம். ஆகவே கடைகளில் நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வாங்கிய மாத்திரைகளை மேலதிகாரியிடம் காட்டிவிட்டுக் குப்பையில் போட்டுவிடுவேன். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு கடைக்காரர்களை அழைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். நான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண் கிடைக்காத ஒரு பெரிய கடை முதலாளி எழுந்தார்.

"உங்க ரிப்போர்ட்ல சொல்ற மாதிரியே கொடுத்துட்டோம்னு வெச்சுக்குங்க. யாருக்கு என்ன ஆச்சு? குப்பைத் தொட்டிக்கா ரத்தம் வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மேலதிகாரியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

அதற்குப் பிறகு வாங்கிய மாத்திரையை நான் குப்பையில் போடவில்லை.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வலி மாத்திரையே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரேடி?"

"கடையில கேட்டுத்தான்கா வாங்கினேன்."

கேட்டுத்தான் வாங்கினேன். அவள் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வலி விட்டதும் தானே மாடியேறித் துணி காயப்போட்டாள். இறங்கி வந்து, "மகராசி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். உண்மையில் அது நல்ல நாள்.

பிறகு அவள் கைகளில் மை கொட்டியது போலக் கன்றல்கள் வந்தன. பல் தேய்த்தால் ஈறு கசிந்தது. பார்த்ததைப் பார்த்தபடி கடை அறிக்கையில் எழுதினேன். மேலதிகாரி போனில் அழைத்து, "மத்தவங்க எழுதுறதெல்லாம் வெறும் பேப்பர்மா. உங்களோடதுதான் உயிரோட இருக்கு" என்றார். கன்றியது யார் கை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சின்னக் கடையில் இருந்த பெண் மட்டும் வேறு மாதிரி. ஒவ்வொன்றாக விசாரித்தாள். நானும் மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஈறுல ரத்தம் வந்தா விளையாட்டு இல்லைங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தனியா முடியாதுன்னா சொல்லுங்க, கடையைச் சாத்திட்டு நானும் வரேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ கடை ஏறி இறங்கியவள் நான். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். எதிர்ச் சாரியில் இன்னொரு கடை பாக்கி இருந்தது. அங்கே போனில் பேசிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தாள்.

"தலை ரெண்டாப் பிளக்குதுடி. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"முதல்ல இதைப் போட்டுக்கக்கா. அப்புறம் பாக்கலாம்."

கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையை நீட்டினாள். மாத்திரையை வைத்தேன். தண்ணீரும் நானே கொடுத்தேன். அது என்ன செய்யும் என்று அந்தக் கடைக்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியில் நான்தான் முதல்.

நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பேச்சுக் குழறியது. என்னை அம்மா என்று கூப்பிட்டாள். வலது கை அப்படியே கிடந்தது. இடது கை மட்டும் படுக்கையில் என்னைத் தேடியது. எழுதிக்கொண்டிருந்ததால் என்னால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. எல்லாம் அடங்கிய பிறகுதான் எழுந்தேன்.

ஆக, தெரிந்துதான் கொடுத்தேன், செத்துப்போவாள் என்று தெரிந்துதான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உடம்புக்கு முடியாத அக்காவை நான் அம்போ என்று விட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அதை மட்டும் சேர்க்காதீர்கள், மேடம். அவளை நான் கவனிக்காமல் விட்ட நாளே கிடையாது.